நான்கரை வயது மகளுக்குக் கத்தரிக்கோல் வசப்படவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: பெருந்துறை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயது ஆகிறது. பெருந்துறையில் ஒரு மழலையர் பள்ளிக்குப் போகிறாள். சென்ற மாதம் வகுப்பில் வண்ணத்தாளில் மீன் வெட்டி ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் ஏதோ ஒரு வடிவத்தில் வெட்டி ஒட்டிவிட, இவள் மட்டும் தாளைக் கசக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாளாம். "கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை, வீட்டில் பழக்கவும்" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பழக்குவது என்பதுதான் அந்த வரியில் இல்லை.

அன்று மாலையே குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி வந்து, பழைய செய்தித்தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு வளையங்களையும் இரண்டு கைகளால் பிடித்து, வேலி கத்தரிப்பவரைப் போல அகலத் திறந்து மூடுகிறாள்; தாளைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள். ஒரே கையில் பிடிக்க வைத்தாலோ, தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்தில் கத்தரி தரையில் கிடக்கிறது.

வெறுங்கத்தரியை ஆட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பது என் மாமியாரின் நம்பிக்கை. குழந்தை காற்றில் கத்தரித்துப் பார்க்கும்போதெல்லாம், "கத்திரிய வெறுமனே ஆட்டாத சாமி" என்று வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறார். உண்மையில் சண்டை அதன் பிறகுதான் வருகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடமாக வந்த கைவேலைகளை இதுவரை நானேதான் வெட்டி ஒட்டி அனுப்பிவந்தேன். அதனால் குறை என்மேலும் இருக்கிறது. எந்தக் கத்தரி, எந்தத் தாள், எதை முதலில் செய்ய வைப்பது, எந்த வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர், தாராபுரம்

அம்மணி, முதலில் அந்த மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீன் என்பது இரண்டு நீண்ட வளைவுகளும், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கூரான திருப்பமும் உள்ள வடிவம். பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை வயதை ஒட்டித் தாளின் ஓரத்தை நறுக்கத் தொடங்குவார்கள். மூன்று, மூன்றரையில் ஒரு துண்டுத்தாளைக் குறுக்கே வெட்டிப் பிரிப்பார்கள். நான்கு வயதில் நேர்க்கோட்டை ஒட்டி ஓரளவு போவார்கள். வட்டமும் சதுரமும் நான்கரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எப்போதாவது வரும். மீன், பூ, இலை எல்லாம் அதற்குப் பிறகுதான் உருப்படியாக அமையும். இதில் ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம். எனவே உங்கள் மகளிடம் கேட்கப்பட்டது அவள் வயதுக்குச் சற்று மேலான வேலை. மற்ற பிள்ளைகள் வெட்டிய மீன்களையும் நீங்கள் பார்த்திருந்தால், அவற்றில் பாதி மீனாக இருந்திருக்காது.

அடுத்தது, நீங்கள் கொடுத்த இரண்டு பொருட்களுமே சரியில்லை. செய்தித்தாள் பழகுவதற்கு மிகவும் மோசமான தாள். பிடித்தால் துவளும், அலகுக்கு நடுவில் வளைந்துகொள்ளும். பெரியவர்களுக்கு மெல்லிய தாள் எளிது என்று தோன்றும்; குழந்தைக்கோ விறைப்பான தாள்தான் எளிது, ஏனென்றால் அது பிடித்த இடத்தில் நிற்கும். நம் பக்கத்து வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு முகூர்த்த மாதம் முடிந்தால் அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகள் இருபதாவது சேர்ந்திருக்கும். பிள்ளையார் படமும் மஞ்சள் தடவிய மூலையும் உள்ள பக்கத்தை முதலில் நீங்களே வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாமியார் அதற்கும் வருத்தப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது. மீதியைக் குழந்தைக்குக் கொடுங்கள்.

முழுதும் பிளாஸ்டிக்கான கத்தரி பெரும்பாலும் தாளைச் சரியாக வெட்டாது, மாவைத்தான் நன்றாக வெட்டும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். சப்பாத்தி மாவைப் பாம்புபோல உருட்டிக் கொடுத்து, அந்தக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். மாவு மெதுவாக எதிர்த்து நிற்பதால் திறப்பதும் மூடுவதும் கைக்குப் பழகும். தாளுக்கு எஃகு அலகும் மழுங்கிய முனையும் உள்ள ஐந்து அங்குலக் கத்தரியே தேவை.

ஆனால் கத்தரிக்கு முன்னால் கிழிப்பது என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்றைய வீடுகளில் பலரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தாளின் ஓரத்தை இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, ஒரு கை முன்னே போக மறு கை பின்னே வர வேண்டும். குழந்தைகள் முதலில் இரண்டு பக்கமும் வெளியே இழுப்பார்கள், தாள் கிழியாது. ஒரு கை ஒரு வேலையையும் மறு கை வேறொரு வேலையையும் ஒரே நேரத்தில் செய்வதற்கு இதுவே முதல் பாடம். கடலைக்காய் உரிப்பது, பச்சைத் துவரை உரிப்பது, வாளியில் ஈரத்துணியைப் பிழிவது எல்லாம் இதே பாடத்தின் வேறு வேறு பக்கங்கள். எங்கள் மையத்தில் அறுவடைக் காலத்தில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கடலைக்காய் உரிக்கச் செய்வேன். உரித்ததில் பாதி வாய்க்குள் போய்விடும். அதற்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

இனிப் பிடிக்கும் முறை. கட்டைவிரல் மேல் வளையத்தில், நடுவிரல் கீழ் வளையத்தில், ஆள்காட்டி விரல் வளையத்துக்கு வெளியே முன்புறம் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்க வேண்டும். அவை விரிந்து ஆடினால் கத்தரியும் ஆடும். அந்த இரண்டு விரல்களுக்குள் ஒரு சிறு துணித்துண்டைக் கொடுத்து, "இது கீழே விழாமல் வெட்டு" என்று சொன்னால் போதும். கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வையுங்கள். வெட்டும்போது அந்தப் பொட்டு கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தைகள் கையைத் திருப்பி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி வெட்டப் பார்ப்பார்கள். அப்போது முழங்கை இறக்கைபோல மேலே எழும். ஒரு மடித்த துண்டை அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொன்னால் முழங்கை தானாகவே உடம்போடு ஒட்டிவிடும்.

முதல் வாரம் கோடே வேண்டாம். பத்திரிகை அட்டையை இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நீள நீளமாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். அவள் ஒரு முறை மூடினால் ஒரு துண்டு தட்டில் விழ வேண்டும். "டப்" என்று அது விழுகிற ஓசைதான் அவளுக்குப் பரிசு. இரண்டாம் வாரம் ஓரத்தை நறுக்கிக் குஞ்சம் ஆக்கும் வேலை. ஏ4 தாளின் மூலையை மறு ஓரத்தோடு சேர்த்து மடித்துச் சதுரம் எடுத்தால், இருபத்தொன்றுக்கு 8.7 சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டு மிஞ்சும். சதுரத்தைக் கப்பலுக்கோ காற்றாடிக்கோ வைத்துக்கொண்டு, அந்த மிச்சத்தைக் குஞ்சம் நறுக்கக் கொடுத்துவிடுங்கள். நறுக்கியதைச் சுருட்டி ஒட்டினால் குடிசையின் கூரை, நிமிர்த்தி ஒட்டினால் சோளக்காடு. அதன் பிறகு விரல் கனத்துக்குப் பட்டையாக ஒரு கோடு. அது வந்த பின் கோட்டை மெலிதாக்கலாம்.

மாமியார் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். வெறுங்கத்தரியை ஆட்டுவதால் எந்தப் பழக்கமும் வராது, ஏனென்றால் அலகுக்கு நடுவில் எதிர்ப்பு எதுவும் இல்லை. கத்தரியைத் தட்டோடும் தாளோடும் சேர்த்தே எடுப்பது, உட்கார்ந்த இடத்தில்தான் வெட்டுவது, கொடுக்கும்போது அலகை மூடிக் கைப்பிடிப் பக்கமாக நீட்டுவது என்று மூன்று வழக்கங்களை வைத்துவிட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

பதில் 2: கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

சகோதரி, டீச்சரம்மா சொன்னதற்கு மேல் குழந்தை வளர்ப்பில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாகக் கத்தரியோடு வாழ்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் மகள் எந்தக் கைக்காரி?

தாள் வெட்டுப்படாமல் மடங்குவதற்குக் காரணங்கள் சிலவே. கத்தரி மழுங்கியிருக்கலாம், இரண்டு அலகுகளையும் சேர்க்கும் ரிவிட் தளர்ந்திருக்கலாம், தாள் துவளலாம், அல்லது வலக்கைக் கத்தரியை இடக்கையால் பிடித்திருக்கலாம். கடைசிக் காரணத்தை யாருமே யோசிப்பதில்லை. வலக்கையால் கத்தரியை மூடும்போது கட்டைவிரல் தன்னையறியாமல் தன் வளையத்தை வெளியே தள்ளுகிறது, மற்ற விரல்கள் தங்கள் வளையத்தை உள்ளே இழுக்கின்றன. அந்தச் சிறு விசையால் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே மூடுவதால்தான் தாள் வெட்டுப்படுகிறது. அதே கத்தரியை இடக்கையில் பிடித்தால் அதே விசை அலகுகளைப் பிரிக்கிறது. நடுவில் உண்டாகும் இடைவெளிக்குள் தாள் புகுந்து மடங்கிக்கொள்கிறது. கத்தரியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் பயன் இல்லை. எப்படித் திருப்பினாலும் வலக்கைக் கத்தரியில் மேலே வரும் அலகு வலப்பக்கமாகவே அமையும். இடக்கைக்காரருக்கு அந்த அலகு கோட்டையும் மறைத்துவிடுவதால், கோடு தெரியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். "இரு கைக்கும் ஏற்றது" என்று எழுதி விற்கும் கத்தரிகள் பலவற்றில் கைப்பிடிதான் இரு கைக்கும் பொருந்தும். அலகின் அமைப்பு வலக்கைக்கானதே. இடக்கைக் கத்தரி என்று தனியாகவே கேட்டு வாங்க வேண்டும்; இணையத்தில் கிடைக்கிறது.

என் வீட்டில் இதற்காகவே ஒரு தவறு செய்தேன். என் அண்ணன் மகன் இடக்கைக்காரன். அவனுக்கு வெட்ட வரவில்லை என்று சாணை பிடித்த என் சொந்தக் கத்தரியையே கொடுத்துப் பார்த்தேன். அதிலும் தாள் மடங்கியது. "கவனம் இல்லை" என்று அவனைத் திட்டியும் விட்டேன். கத்தரியைத் தொழிலாக வைத்திருப்பவனுக்கே அது உறைக்க ஓராண்டு ஆனது.

இன்னொரு விஷயம். எங்கள் பனியன் கம்பெனியில் இயந்திரத்தால் துணி வெட்டுபவர், துணியைப் பிடிக்கும் கையில்தான் இரும்புக் கண்ணிக் கையுறை போட்டிருப்பார். இயந்திரம் பிடிக்கும் கைக்குக் கையுறை தேவையில்லை. ஆபத்தும் அந்த இன்னொரு கைக்குத்தான், வேலையின் நேர்த்தியும் அந்தக் கையில்தான். குழந்தைக்கும் இதேதான். எல்லோரும் கத்தரி பிடித்த கையையே பார்க்கிறோம். வளைவு வெட்டும்போது கத்தரி திரும்பக் கூடாது. தாளைப் பிடித்த கைதான் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கத்தரியின் மூக்கு எப்போதும் நெஞ்சுக்கு நேர் எதிரே, வெளியே பார்த்தபடி இருக்கட்டும். அந்தக் கையின் கட்டைவிரல் தாளின் மேலும் மற்ற விரல்கள் அடியிலும், அலகிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

வட்டம் வெட்டும் வயது வரும்போது, வலக்கைக்காரக் குழந்தை வட்டத்தின் ஓரமாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிச் செல்ல வேண்டும்; அப்போதுதான் வேண்டிய வடிவம் இடக்கையில் தங்கும், கழிவு வலப்புறமாக விழும். இடக்கைக்காரருக்குத் திசை நேர்மாறு. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் கைகள் ஒன்றின்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளும், பாதி வட்டத்தில் குழந்தை எழுந்து நின்றுவிடும்.

துணி வெட்டும் கத்தரியை மட்டும் தாளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்காகச் சொல்லவில்லை, கத்தரிக்காகச் சொல்கிறேன். தாள் அலகைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

பெருந்துறை அம்மா:

மாஸ்டர் ஐயாவின் கேள்வி எனக்கு உறைத்தது. மூன்று நாட்கள் எதையும் சொல்லாமல் மகளைக் கவனித்தேன். கிரேயான் எடுப்பது இடக்கையால். பல் துலக்குவது இடக்கையால். பந்தை எறிவதும் இடக்கையால். சோறு மட்டும் வலக்கையால் உண்கிறாள். அது அப்பத்தா திருத்தித் திருத்திப் பழக்கியது. கத்தரியை முதலில் இடக்கையில்தான் எடுக்கிறாள். "பீச்சாங்கையில பிடிக்காத கண்ணு" என்று யாராவது சொன்னவுடன் வலக்கைக்கு மாற்றுகிறாள், அது வசப்படாமல் இரண்டு கைகளாலும் பிடிக்கிறாள். வேலி வெட்டுபவர் போல என்று நான் எழுதினேனே, அதன் காரணம் இதுதான். இதை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. இடக்கைக் கத்தரிக்குச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை கிழிக்கும் வேலை நடக்கிறது. ஆனால் அவள் கிழித்தால் தாள் நேராக வராமல் கோணலாக ஓடிவிடுகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில் 3: காகித ஆலையில் வேலை பார்த்தவர், வேலாயுதம்பாளையம்

உண்டு. கோணலாக ஓடுவது குழந்தையின் குற்றமன்று, தாளுக்கு ஒரு போக்கு இருப்பதால் வருவது. 1979இல் அரசு தொடங்கிய எங்கள் ஊர்ப்பக்கத்துக் காகித ஆலையில் கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்கிறார்கள். எந்த நாரிலிருந்து வந்தாலும், ஓடும் இயந்திரத்தில் கூழ் தாளாகப் படியும்போது நார்களில் பெரும்பகுதி ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்ளும். அந்தத் திசையில் கிழித்தால் தாள் நேராகப் பிரியும். குறுக்கே கிழித்தால் நார்களை அறுத்துக்கொண்டு கோணல்மாணலாகப் போகும். ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு முறையும், பக்கவாட்டில் ஒரு முறையும் கிழித்துப் பாருங்கள், உடனே தெரியும்.

குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு தாளைச் சோதித்து, நேராகக் கிழியும் திசையில் நான்கைந்து இடங்களில் நகத்தளவு கிழிப்பைத் தொடங்கி வைத்துக் கொடுங்கள். முதல் நாளே வெற்றி கிடைக்கும். மடிப்பதற்கும் இதே விதிதான். போக்கோடு மடித்தால் மடிப்பு கூராக விழும், குறுக்கே மடித்தால் கனமான அட்டையில் மடிப்பு வெடிப்பு விடும். சார்ட் அட்டை சுருண்டு சுருண்டு வருகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், லேசாக வளைத்துப் பார்த்து எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடித்தால் போதும்.

கடையில் 70, 75, 80 ஜி.எஸ்.எம். என்று சொல்வது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்; எனவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று சுமார் 5 கிராம் இருக்கும். கப்பலும் ராக்கெட்டும் மடிக்க அது போதும். கத்தரி பழகுவதற்கு அதைப்போல இரு மடங்காவது கனம் வேண்டும்.

பதில் 4: சிறுவர் சிகிச்சைத் துறையில் இருப்பவர், கோவை

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும். மூன்று நாள் கவனித்ததை வைத்தே முடிவு கட்ட வேண்டியதில்லை. கைப்பழக்கம் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் மெல்ல உறுதிப்படும். கத்தரியையும் கிரேயானையும் குழந்தையின் நடுவில், வலமும் இடமும் இல்லாமல் வையுங்கள். அவள் எந்தக் கையை நீட்டுகிறாளோ அந்தக் கைக்கு வழிவிடுங்கள். இடக்கை என்பது பத்தில் ஒருவருக்கு இருக்கும் இயல்பு. சோற்றுக்கை பற்றிய வழக்கத்தை வீட்டார் விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். கத்தரியிலும் எழுத்திலும் கையை மாற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் குழந்தையின் கைமேல் தங்கள் கையை வைத்து வெட்ட வைப்பார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. அப்போது வெட்டுவது உங்கள் கைதான். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் ஒரு தாளை மெதுவாக வெட்டுங்கள். உதவி தேவைப்பட்டால் தாளைப் பிடித்துக் கொடுங்கள், கத்தரியைத் தொடாதீர்கள்.

ஐந்து வயது கடந்தும் நல்ல கத்தரியும் கனமான தாளும் கொடுத்து ஒரு துண்டுகூட நறுக்க முடியவில்லை என்றால், அதோடு பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது போன்ற வேலைகளிலும் கை தடுமாறினால், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்ப்பதற்கென்றே மையம் இயங்குகிறது. நீங்கள் விவரித்ததில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதில் 5: தறிக்காரர், சென்னிமலை

தங்கச்சி, கைவேலைக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். நம் பக்கம் நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள் மூட்டைக்கணக்கில் கிடக்கின்றன. நுனியில் வண்ணக் குஞ்சம் ஒட்டினால் கோழி, கவிழ்த்துக் கண் வைத்தால் பொம்மை. துணியில் பூவேலைப்பாடு நெய்யும் ஜக்கார்டு தறியில் ஓடி முடிந்த அட்டைகளில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். மிச்ச நூலின் நுனியை மெழுகில் தோய்த்து விறைப்பாக்கிக் கொடுத்தால், என் பேத்தி அரை மணி நேரம் கோத்துக்கொண்டிருப்பாள். அதற்குக் கத்தரியே தேவையில்லை, இரண்டு கைகளும் தேவை.

நேர்க்கோடு வெட்ட வந்த பிறகு பாய் பின்னச் சொல்லுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரலகல இடைவெளியில் வெட்டிக்கொண்டே போய், மறு ஓரத்துக்கு இரண்டு விரல் முன்பாக நிறுத்த வேண்டும். விரித்தால் அது பாவு, தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்போல. வேறு வண்ணத்தில் வெட்டிய பட்டைகள் ஊடை, குறுக்கே ஓடும் நூல்போல. ஒன்றின்மேல், அடுத்ததன் அடியில் என்று நுழைத்தால் பவானி ஜமக்காளம்போல வண்ணப்பட்டையாக வரும். வெட்டத் தெரிவதைவிட, நிறுத்தத் தெரிவதுதான் அதில் கடினம். பேத்தி முதல் நான்கு பாய்களை ஓரம்வரை வெட்டித் தோரணமாக்கிவிட்டாள். நிறுத்த வேண்டிய இடத்தில் பசையால் ஒரு நூலை ஒட்டி வைத்தேன். கத்தரி நூலில் இடித்ததும் கை தானாக நின்றுவிட்டது.

பதில் 6: அப்புச்சி, காங்கேயம்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது காற்றாடிக்குத் தென்னை ஓலையும் வேலமுள்ளும்தான். இப்போது பேரனுக்குத் தாளில் செய்து கொடுக்கிறேன். சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் மடித்து விரித்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, நான்கு மூலைகளிலிருந்தும் மடிப்பின் வழியே அந்த வட்டம்வரை அவனே வெட்டுகிறான். மடிப்புத் தடம் இருப்பதால் கத்தரி வழி தவறுவதில்லை. ஒன்று விட்டு ஒரு நுனியை நடுவுக்கு வளைத்துக் குண்டூசி குத்துவது மட்டும் என் வேலை. குச்சிக்கு மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டில் ஒரு கணு. மேல்தோலை நான் சீவிவிடுவேன், ஏனென்றால் அது கத்திபோலக் கையை அறுக்கும். உள்ளே இருக்கும் நெட்டி ஊசியைக் கவ்விக்கொள்ளும். ஊசிமுனை மறுபக்கம் வராத அளவுக்குத் தடித்த கணுவாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சோற்றுப் பருக்கையே போதும். இல்லாவிட்டால் ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, அன்றன்றைக்கே செய்துகொள்ளுங்கள். சுவரொட்டிப் பசையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கெடாமல் இருப்பதற்கு அதில் மயில்துத்தம் கலப்பது உண்டு, அது நஞ்சு.

பெருந்துறை அம்மா:

ஆறு வாரம் ஆகிறது. எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். அதைவிட நடந்ததைச் சொல்வதே சரி என்று எழுதுகிறேன்.

இடக்கைக் கத்தரி வந்த அன்று பத்திரிகை அட்டைத் துண்டுகளையும் ஒரு எவர்சில்வர் தட்டையும் நடுவில் வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினேன். அந்தக் கத்தரியை என் வலக்கையில் பிடித்தபோது தாள் மடங்கிச் சிக்கியது! இத்தனை நாள் அவளுக்கு நடந்தது என்ன என்று அப்போதுதான் என் கைக்குப் புரிந்தது. அவளோ முதல் துண்டு தட்டில் விழுந்ததும் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு தட்டு நிறையும்வரை தலையைத் தூக்கவில்லை. நகத்தில் வைத்த பொட்டு பாதி நேரம் கூரையைப் பார்க்கிறது, பாதி நேரம் சுவரைப் பார்க்கிறது. பட்டைக் கோட்டின் வழியாக ஓரளவு நேராகப் போகிறாள். வட்டம் இன்னும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளியில் இடக்கைக் கத்தரி ஒன்றைப் பையில் கொடுத்து விட அனுமதி கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். மீன் வேலை மறுபடி வந்தபோது அவளே வெட்டியது அப்படியே போனது. அதற்கு வால் இல்லை. "வால் தண்ணிக்குள்ள இருக்கு" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டாளாம்.

மாமியார் கையை மாற்றச் சொல்வதை இப்போது விட்டுவிட்டார். தாள் இல்லாமல் கத்தரியை எடுத்தால் மட்டும் இன்றும் வாங்கி வைத்துவிடுகிறார்; அதில் நான் தலையிடுவதில்லை. நேற்று மதியம் நாங்கள் இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில், நாற்காலியில் ஏறிச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் குஞ்சம் நறுக்கிவிட்டாள். நல்ல நேரமும் ராகு காலமும் தட்டில் கிடந்தன. கத்தரியை எடுத்த இடத்தில் உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும் என்ற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் முழுதாக நிலைக்கவில்லை என்பதை டீச்சரம்மாவிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர், தாராபுரம்:

கத்தரியை நாற்காலி எட்டாத உயரத்தில் வையுங்கள் அம்மணி. நாட்காட்டியில் மீதியிருக்கும் மாதங்களின் தாளை, ஒவ்வொரு நாளும் காலையில் அவளையே கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரி இல்லாமல், இரண்டு கைகளாலும்.